ஈரக் கைக்கு ஒரு செயலி



ஒரு ஹோட்டலில் பணம் எங்கே இருக்கிறது? யாரைக் கேட்டாலும் கல்லாவைக் காட்டுவார்கள். கல்லாவில் இருப்பது அன்றைய வசூல். போட்ட முதல் பின்கட்டில் இருக்கிறது. மூட்டையில் அரிசியாக, டின்னில் எண்ணெயாக, டப்பாவில் முந்திரியாக, ஃப்ரீசரில் உறைந்த மட்டனாக இருக்கிறது. கல்லாவுக்கு பில் உண்டு, கணினி உண்டு, முதலாளியின் கண் உண்டு. ஸ்டோர் ரூமுக்கு என்ன உண்டு? ஒரு பூட்டு உண்டு. ஸ்டோர் கீப்பரின் ஞாபகம் உண்டு. அவ்வளவுதான்.

அந்த ஞாபகத்துக்குத் துணையாக ஒரு கைபேசிச் செயலி செய்வதென்றால் எப்படிச் செய்வது? அதுதான் இன்றைய பொருள். முதலாளி தன் அறையில் உட்கார்ந்து பார்க்கும் வண்ண வண்ண வரைபடங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதைச் செய்துதர ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். சரக்கை இறக்குகிறவர், எண்ணுகிறவர், எடை போடுகிறவர், நறுக்குகிறவர், கொதிக்க விடுகிறவர் தொடப்போகும் திரையைப் பற்றித்தான் பேச்சு.

இதில் எவ்வளவு பணம் புழங்குகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 100 ரூபாய்க்கு விற்றால் 30 முதல் 35 ரூபாய் வரை சமையல் பொருளுக்கே போய்விடும் என்பது உணவகத் தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்தியாவில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 2017 நவம்பர் 15 முதல் பெரும்பாலான உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஆனால் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆக, ஒரு டின் எண்ணெய் வீணானால் அதற்குக் கட்டிய வரியும் கூடவே சாக்கடைக்குப் போகிறது. உலகக் கணக்கு இதைவிடப் பெரியது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல் மட்டும் உலகில் வீணான உணவு 105 கோடி டன். வீடுகளில்தான் அதிகம். என்றாலும் 29 கோடி டன், உணவகம், கேண்டீன் போன்ற இடங்களிலிருந்து போயிருக்கிறது.

சரி, இருப்புக் கணக்கு என்ன பெரிய கணக்கா? தொடக்க இருப்போடு வரவைக் கூட்டி, கடைசி இருப்பைக் கழித்தால் செலவு. ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: திங்கள் காலை 40 லிட்டர் எண்ணெய் இருந்தது, வாரத்தில் 30 லிட்டர் வந்தது, ஞாயிறு இரவு 25 லிட்டர் மிச்சம். அப்படியானால் 45 லிட்டர் செலவு. செய்த பலகாரங்களுக்கு 41 லிட்டர்தான் ஆகியிருக்க வேண்டும் என்றால், மீதி 4 லிட்டர் எங்கே? எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும் கணக்கு இது. இதில் சிரமமான எண் ஒன்றே ஒன்று: அந்த 25. ஞாயிறு இரவு 11 மணிக்கு, அடுப்பு அணைந்து, தரை கழுவிக்கொண்டிருக்கும்போது, அதை அளந்து பதிவது யார்? எந்தக் கையால்?

அந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள். அதில் ஈரம் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. பரோட்டா மாஸ்டர் கையென்றால் மைதாவும் ஒட்டியிருக்கிறது. இன்றைய கைபேசித் திரைகள் விரல் பட்டதும் தங்கள் மின்புலத்தில் உண்டாகும் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்கின்றன. திரைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துக்கொள்ளும். ரப்பர் கையுறை போட்டால் விரலையே விரல் என்று ஒப்புக்கொள்ளாது. ஆப்பிள் நிறுவனம் தொடுபொத்தான் குறைந்தது 44 புள்ளி அளவு இருக்க வேண்டும் என்கிறது. கூகுள் தன் அலகில் 48 என்கிறது, அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். உலர்ந்த விரலுக்கு, உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு, நல்ல வெளிச்சத்தில் சரியான அளவு. ஆவி படிந்த கண்ணாடியில் வழுக்குகிற விரலுக்கு? அதைப் போல இரண்டு மடங்கு வைத்தாலும் தப்பில்லை. திரையில் ஆறு பொத்தான்தான் கொள்ளும் என்றால், ஆறே போதும்.

இன்னொரு கை என்ன செய்கிறது? ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-ல் தெருவிலும் பேருந்திலும் பொது இடங்களிலும் கைபேசி பிடித்திருந்த 1,333 பேரைக் கவனித்து எழுதிவைத்தார். அவர்களில் திரையைத் தொட்டு இயக்கிக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒரே கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கினார்கள். தெருவில் அப்படியென்றால், ஒரு கையில் மூடியோ கரண்டியோ சாக்கின் வாயோ பிடித்திருக்கும் அடுப்படியில் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். முக்கியமான பொத்தான்கள் திரையின் கீழ்ப்பாதியில், கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மேல் மூலையில் மூன்று கோடு போட்டு அதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது அடுப்படிக்கு ஆகாது.

இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது. அதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்று இரண்டு சகோதரர்கள். 1948-ல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை மூடி, பட்டியலைச் சில பண்டங்களாகக் குறைத்து, வேகச் சேவை என்ற முறையைக் கொண்டுவந்தவர்கள். புதிதாக ஒரு சமையலறை திட்டமிட வேண்டி வந்தபோது, காகிதத்தில் மட்டும் வரைந்து அவர்கள் திருப்திப்படவில்லை. டென்னிஸ் மைதானத்தில் சாக்குக்கட்டியால் அடுப்பு இங்கே, பொரிக்கும் சட்டி இங்கே, பொட்டலம் கட்டும் மேசை இங்கே என்று முழு அளவில் வரைந்தார்கள். ஊழியர்களை அழைத்துவந்து, இல்லாத அடுப்பில் இல்லாத இறைச்சியை வாட்டச் சொன்னார்கள். எங்கே இருவர் இடித்துக்கொள்கிறார்களோ அங்கே கோட்டை அழித்து மாற்றி வரைந்தார்கள். உலகம் முழுக்கப் பரவிய ஒரு சமையலறை அப்படிச் சாக்குக்கோட்டில் பிறந்தது.

செயலி செய்கிறவர்களும் இதைத்தான் செய்ய வேண்டும். திரைகளை அட்டையில் வரைந்து எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போங்கள். சரக்கு வண்டி வந்து நிற்கும் நேரத்தில் போங்கள். "அண்ணே, பத்து மூட்டை இறக்கியாச்சு, இதுல எங்க தொடுவீங்க?" என்று கேளுங்கள். அவர் அட்டையில் விரலை வைக்கும் இடத்தையும், விரலை வைக்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே பாதித் தவறுகள் அங்கே தெரிந்துவிடும்.

அப்படிப் போகிறவர்கள் முதலில் கவனிப்பது வரிசை. பல செயலிகளில் பொருட்கள் அகர வரிசையில் இருக்கும். அரிசி முதலில், இஞ்சி பிறகு, உப்பு அதற்கும் பிறகு. ஆனால் அரிசி கீழே பலகைமேல் இருக்கிறது, இஞ்சி குளிர்பெட்டியில் இருக்கிறது, உப்பு மறுபடியும் அரிசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணுகிறவர் அகர வரிசைப்படி நடந்தால் இரவு முழுக்க அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக அலைவார். ஆகவே அவர் பட்டியலை விட்டுவிட்டு, அலமாரியைப் பார்த்துத் தாளில் எழுதி, பிறகு தாளைப் பார்த்துத் திரையில் ஏற்றுவார். ஒரு வேலை இரண்டாகிவிட்டது. பட்டியல் அலமாரி வரிசையில் இருக்க வேண்டும்: கதவைத் திறந்ததும் இடப்பக்கம் மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு, அப்புறம் அடுத்த அலமாரி. அலமாரி மாறினால் பட்டியலையும் இழுத்து மாற்ற ஸ்டோர் கீப்பருக்கே அதிகாரம் வேண்டும். முதலாளியிடம் சொல்லி, அவர் மென்பொருள் நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் அடுத்த மாதம் மாற்றித் தருவது என்றால் அது நடக்கிற காரியமில்லை.

அடுத்து, எண்ணைப் பதிவது. எண் பலகையிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. கால்குலேட்டரில் மேல்வரிசை 7, 8, 9. தொலைபேசியில் மேல்வரிசை 1, 2, 3. தொலைபேசியின் வரிசை, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் பல அமைப்புகளைச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது; 1963-ல் பொத்தான் தொலைபேசியோடு பரவியது. முப்பது வருடம் கால்குலேட்டர் தட்டிய ஸ்டோர் கீப்பர் ஒரு பக்கம். கைபேசி தவிர வேறெதையும் தட்டாத இளைஞர் ஒரு பக்கம். யாருக்காக வைப்பது? கையில் இருப்பது கைபேசி, அதன் வழக்கத்தையே வைத்துவிடலாம். ஆனால் அதைவிட நல்ல வழி, எண் பலகையே பல நேரம் தேவைப்படாமல் செய்வது.

நம் சமையலறைகள் தசமத்தில் யோசிப்பதில்லை. எண்ணெய் 0.75 டின் இருக்கிறது என்று எந்த மாஸ்டரும் சொன்னதில்லை. "முக்கால் டின் இருக்கு" என்பார். "அரை மூட்டை", "கால் டப்பா" என்பார். அப்படியே பொத்தான் வையுங்கள்: கால், அரை, முக்கால், முழுசு. டின்னின் படம் ஒன்றைப் போட்டு, எந்த உயரம் வரை இருக்கிறதோ அங்கே தொடச் சொன்னால் இன்னும் நல்லது. துல்லியம் குறையுமே என்று பொறியாளர்கள் கவலைப்படுவார்கள். முந்திரிக்கும் நெய்க்கும் இறாலுக்கும் தராசு வையுங்கள். கடலைப்பருப்புக்குக் கால், அரை போதும். விலை உயர்ந்த சரக்கைத் தினமும் எண்ணுவது, மலிவான சரக்கை வாரம் ஒருமுறை எண்ணுவது என்பது சரக்கறை நிர்வாகத்தில் பழைய பாடம். எல்லாவற்றையும் எல்லா இரவும் எண்ணச் சொல்கிற செயலியில் மூன்றாம் நாளிலிருந்து கற்பனை எண்கள்தான் ஏறும்.

கற்பனை எண் என்றதும் இன்னொன்று. பல செயலிகள், எண்ணப் போகிறவருக்கு உதவுவதாக நினைத்து, "கணினிக் கணக்குப்படி இருப்பு 18" என்று முன்கூட்டியே காட்டிவிடும். களைத்துப்போன ஆள் என்ன செய்வார்? 18 என்றே தட்டிவிட்டுப் படுக்கப் போவார். எண்ணி முடிக்கும் வரை அந்த எண்ணைக் காட்டக் கூடாது. எண்ணியபின் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும், "25-ஆ, 250-ஆ? ஒருமுறை பாருங்கள்" என்று கேட்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் "உறுதியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், படிக்காமலேயே "ஆம்" தட்டும் பழக்கம்தான் வளரும். கேள்வியைக் குறைத்து, தவறாகப் பதிந்ததை ஒரே தொடுதலில் திரும்ப எடுக்க வழி வையுங்கள்.

இனி அளவுகள். இந்த இடத்தில்தான் நல்ல நல்ல மென்பொருள்கள் தடுக்கி விழுந்திருக்கின்றன. முட்டை டிரேயில் வருகிறது, ஒரு டிரேக்கு 30. கீரை கட்டாக வருகிறது; கட்டின் கனம் மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. தேங்காய் எண்ணிக்கையில் வருகிறது, சட்னிக்கோ துருவலின் அளவுதான் கணக்கு. வாழை இலைக்கு எடைக் கணக்கே கிடையாது. அரிசியாவது நிலையானதா? 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்ட தானியங்களுக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 25 கிலோவுக்கு மேல் போனால் அந்த வரி இல்லை. பிறகு என்ன நடந்தது என்று இந்த அவையில் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரிசிக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்தது! ஒரு மூட்டை என்றால் 25 கிலோ என்று நிரலுக்குள் ஆணியடித்து வைத்திருந்தால், அன்றிலிருந்து மூட்டைக்கு ஒரு கிலோ கணக்கில் வராமல் போகும். 100 மூட்டைக்கு 100 கிலோ. கணக்கு பொருந்தவில்லை என்று மாஸ்டரோடும் ஸ்டோர் கீப்பரோடும் ஒரு சண்டையே நடந்துவிடும்; குழப்பியது வரிச் சலுகை என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஒரு மூட்டையில் எத்தனை கிலோ என்பதை ஒவ்வொரு வரவின்போதும் மாற்ற வழி இருக்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்துக்காகவே ஒரு செயலியை இன்னொன்றைவிட மேல் என்று சொல்லலாம்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று, சாம்பாரில் இருக்கிறது.

ஆம், சாம்பாரில்தான். இன்று விற்கப்படும் பெரும்பாலான இருப்புச் செயலிகள் பில் போடும் கணினியோடு இணைந்து வேலை செய்கின்றன. ஒரு பர்கர் விற்றால் ஒரு பன், ஒரு துண்டு இறைச்சி, ஒரு சீஸ் என்று இருப்பிலிருந்து தானே கழித்துக்கொள்ளும். பர்கருக்கு மிகச் சரி. இரண்டு இட்லிக்கு? பில்லில் இரண்டு இட்லிதான் இருக்கிறது. சாப்பிடுகிறவர் சாம்பாரை மூன்று முறை கேட்கிறார். தேங்காய் சட்னி கொஞ்சம், கார சட்னி இன்னும் கொஞ்சம். சப்ளையர் வாளியோடு வந்து ஊற்றிவிட்டுப் போகிறார். இதற்கெல்லாம் பில் உண்டா? பரோட்டாவுக்குச் சால்னா எத்தனை கரண்டி என்று எந்தக் கணினி கணக்கு வைக்கும்? முழுச் சாப்பாட்டில் ஒருவர் இரண்டாவது சோறோடு நிறுத்திக்கொள்கிறார், பக்கத்து இலையில் ரசத்துக்கும் மோருக்கும் தனித்தனியாகச் சோறு விழுகிறது. விலை ஒன்றுதான். கேட்டால் ஊற்றுவது நம் ஊர் ஹோட்டலின் மரியாதை. அதை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த மென்பொருளுக்கும் கிடையாது.

அப்படியானால் எங்கே அளப்பது? அண்டாவில் அளக்க வேண்டும். இன்று காலை சாம்பார் ஒரு அண்டா வைத்தாரா, ஒன்றரை வைத்தாரா? ஒரு அண்டாவுக்குத் துவரம்பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு, சின்ன வெங்காயம் இவ்வளவு என்று மாஸ்டருக்குக் கைப்பழக்கம் உண்டு. அதை ஒருமுறை தராசில் வைத்துப் பதிந்துவிட்டால், பிறகு அவர் "சாம்பார், ஒரு அண்டா" என்று ஒரே ஒரு முறை தொட்டால் போதும். மதியம் மீந்தது கால் அண்டா என்று இன்னொரு தொடுதல். சாப்பிடுகிறவர் எத்தனை முறை கேட்டார் என்ற கவலையே வேண்டாம்.

மாவும் இப்படித்தான். நான்கு பங்கு அரிசியும் ஒரு பங்கு உளுந்தும் ஊறி, கிரைண்டரில் ஓடி, மாவாகிவிட்ட பிறகு ஸ்டோரில் அரிசி இல்லை. விற்ற தோசையும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, போட்ட எடையைவிடத் தண்ணீரால் கனத்துப் போய், பாத்திரத்தில் பொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இடைநிலையைக் கணக்கில் வைக்கத் தெரியாத செயலி, அரைத்த அன்றே அரிசியைக் "காணவில்லை" என்று எழுதிவிடும். மாவுக்கென்று தனியாக ஒரு இருப்பு, அரைத்த நேரம், இருக்கும் இடம் ஆகிய மூன்றும் வேண்டும். வெளியே இருக்கும் மாவும் குளிர்பெட்டியில் இருக்கும் மாவும் ஒரே வேகத்தில் புளிப்பதில்லை என்பதை மாஸ்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செயலிக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

குளிர்பெட்டி என்றதும் கம்பியில்லா இணைய இணைப்பின் கதைக்கு வந்துவிட வேண்டும். பெரிய ஹோட்டல்களில் ஆள் உள்ளே நுழையும் குளிர் அறை இருக்கிறது. நாற்புறமும் உலோகத் தகடு; கதவைச் சாத்தினால் சிக்னல் உள்ளே வராது. பல ஊர்களில் சரக்கறை நிலத்தடித் தளத்தில் இருக்கிறது. அங்கேயும் அதே கதை. இணைப்புக்காகச் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும் திரையை, குளிரில் நடுங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் பார்ப்பார் ஒருவர்? ஆகவே பதிவு முதலில் கைபேசிக்குள்ளேயே சேர வேண்டும். வெளியே வந்து இணைப்பு கிடைத்ததும் தானாக மற்றவற்றோடு சேர்ந்துகொள்ள வேண்டும். இதற்கான கருவி ஏற்கெனவே எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம், 2000-ல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையில், தனி சர்வர் நின்றுபோனாலும் நிரல் நிற்கக் கூடாது என்ற தேவையிலிருந்து பிறந்தது. போர்க்கப்பலுக்கென்று பிறந்தது, பருப்பு மூட்டைக்கும் உதவுகிறது.

கணினித் துறை இளைஞர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஸ்டோரில் 12 மூட்டை அரிசி. மாஸ்டர் இணைப்பில்லாத இடத்தில் 2 மூட்டை எடுத்ததைப் பதிகிறார். அதே நேரம் வாசலில் ஸ்டோர் கீப்பர் 5 மூட்டை வரவு வைக்கிறார். செயலி மொத்த இருப்பை மட்டும் அனுப்பினால், ஒரு கைபேசி 10 என்கிறது, இன்னொன்று 17 என்கிறது. கடைசியாகச் சொன்னது ஜெயிக்கும். உண்மை 15. இரண்டு பேரும் சரியாகவே பதிந்தும் கணக்கு தவறு. மொத்தத்தை அனுப்பாதீர்கள், "எடுத்தது 2", "வந்தது 5" என்று அசைவுகளை அனுப்புங்கள். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் கூட்டல் மாறாது. நம் பேரேடுகள் வரவு, பற்று என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது இதுவேதான்.

நண்பர்களே, இதுவரை சொன்னது திரையும் அளவும் கணக்கும். இனி மனிதர்கள். ஏனென்றால் இவ்வளவையும் சரியாகச் செய்து, மனிதரிடம் கோட்டைவிட்ட செயலிகள் உண்டு.

இன்று சென்னையிலோ கோவையிலோ ஒரு பெரிய ஹோட்டலின் பின்கட்டுக்குள் நுழைந்தால் தமிழோடு இந்தி கேட்கும், ஒடியா கேட்கும், வங்காளம் கேட்கும், நேபாளி கேட்கும். திரையில் எழுத்து மட்டும் இருந்தால் பாதிப் பேருக்கு அது சுவர். படம் வேண்டும். ஆனால் இணையத்தில் எடுத்த அழகான படம் உதவாது. மைதாவும் அரிசி மாவும் சோள மாவும் படத்தில் ஒரே வெள்ளை. அந்த ஸ்டோரில் எந்த டப்பாவில், எந்த நிற மூடிக்குள் அது இருக்கிறதோ, அந்த டப்பாவையே படம் எடுத்துப் போட வேண்டும். தீரப்போகிற சரக்குக்குச் சிவப்பு, போதுமானதற்குப் பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தச் சமையலறையிலும் இருக்கலாம். நிறத்தோடு ஒரு வடிவமும் சேரட்டும். உள்ளே நுழைய மின்னஞ்சலும் நீளமான கடவுச்சொல்லும் கேட்காதீர்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கை மாறும் ஒரே கைபேசி அது. பெயரைத் தொட்டு நான்கு இலக்கம் தட்டினால் போதும்.

இதற்கு மேல் பயம் என்று ஒன்று இருக்கிறது. பால் திரிந்துவிட்டது. ஒரு டிரே வடை கருகிவிட்டது. இதைப் பதிந்தால் என்ன நடக்கும்? சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஒரே ஒருமுறை தெரிந்துவிட்டால் போதும், அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் பால் திரியாது, வடை கருகாது. செயலியில் மட்டும்! குப்பைத் தொட்டியில் எல்லாம் வழக்கம்போலத்தான் நடக்கும். வீணானதைப் பதியும் திரையில் முதலில் யார் என்று கேட்காமல் ஏன் என்று கேட்க வேண்டும்: அதிகம் செய்துவிட்டோம், கருகியது, தேதி கடந்தது, குளிர்பெட்டி நின்றுவிட்டது. இந்த வாரம் ஆறு முறை "குளிர்பெட்டி நின்றுவிட்டது" என்று வந்தால், கூப்பிட வேண்டியது மெக்கானிக்கை. குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழும், உறைந்தது மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்குக் கீழும் இருக்க வேண்டும் என்று நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் கேட்கின்றன. அந்தப் பெட்டி அதைத் தாங்குகிறதா என்று காட்டிக்கொடுப்பது அந்த ஆறு பதிவுகள்.

பதியும் வேலையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம். 2013-ல் லண்டனில் தொடங்கப்பட்ட வின்னோ என்ற நிறுவனம், சமையலறைக் குப்பைத் தொட்டிக்கு அடியில் ஒரு தராசை வைத்தது. கொட்டியதும் எடை தானே பதிந்துவிடும். ஊழியர் பக்கத்துத் திரையில் என்ன கொட்டினோம் என்று தொட வேண்டும். அதன் விலை உடனே திரையில் தெரியும். 2019-ல் அந்தத் தொடுதலையும் குறைக்க மேலே ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். ஐக்கியா என்ற மரச்சாமான் நிறுவனத்தின் கடைகளில் உள்ள உணவகங்களில் இந்த முறை புகுந்தது. 2022-ல், தன் உணவகங்களில் உற்பத்தியில் வீணாகும் உணவைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டதாக ஐக்கியா அறிவித்தது. தராசும் கேமராவும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த விலையை உடனே காட்டும் யோசனைக்குச் செலவில்லை. கொட்டிய இரண்டு கிலோ பனீர் எத்தனை ரூபாய் என்று கொட்டியவருக்கே அந்த நொடியில் தெரிவது, மாதக் கடைசியில் முதலாளி கத்துவதைவிட அதிகம் வேலை செய்யும்.

கடைசியாக, பதிகிற ஆளுக்குத் திரும்ப என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்த செயலிகள்தான் அதிகம். எண்ணுவது ஸ்டோர் கீப்பர், அறிக்கை முதலாளிக்கு. இது எத்தனை நாள் ஓடும்? அவருக்கு ஒரு பலன் வேண்டும். அதுவும் அன்றே வேண்டும். சென்னையில் காய்கறி வாங்குகிற ஹோட்டல்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு சந்தை விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். இரவில் பட்டியல் தயாராக இருந்தால்தான் விடியற்காலை சரக்கு. இருப்பை எண்ணி முடித்த அந்த நிமிடமே, நாளைக்கு வாங்க வேண்டிய பட்டியல் தானாக உருவாகி, காய்காரருக்கு ஒன்று, மளிகைக்காரருக்கு ஒன்று, கறிக்கடைக்கு ஒன்று என்று பிரிந்து, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தயாராக நின்றால், ஸ்டோர் கீப்பருக்கு அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். அந்தத் தூக்கத்துக்காகவே அவர் ஒழுங்காக எண்ணுவார்.

எப்போது வாங்குவது என்பதற்கும் சமையலறையிலேயே பாடம் இருக்கிறது. 19 கிலோ வணிக சிலிண்டர்களை வரிசையாக இணைத்திருக்கும் இடங்களில், ஒரு வரிசை எரியும், இன்னொரு வரிசை காத்திருக்கும். முதல் வரிசை தீர்ந்து இரண்டாவதைத் திறந்த கணமே ஏஜென்சிக்குப் போன் போகும். யாரும் எதையும் எண்ணுவதில்லை. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ, அமெரிக்க சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் நிரப்பப்படும் விதத்திலிருந்து யோசனை பெற்று, கான்பன் அட்டை முறையாக வளர்த்ததும் இதே வகைதான்: எடுத்த அளவே அடுத்ததை வரவழைக்கும். செயலியிலும் உப்பு, புளி, மிளகாய்த்தூள் போன்றவற்றுக்கு எண்ணிக்கையே வேண்டாம். "கடைசிப் பையைப் பிரித்துவிட்டேன்" என்று ஒரு பொத்தான் இருந்தால் போதும்.

செய்யத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். முந்நூறு பொருளோடு தொடங்காதீர்கள். விலை உயர்ந்த இருபது பொருளோடு, ஒரே சமையலறையில், ஒரே ஷிஃப்டில் தொடங்குங்கள். பழைய நோட்டை முதல் மாதத்திலேயே பிடுங்கிக்கொள்ளாதீர்கள். நோட்டும் செயலியும் கூடவே ஓடட்டும். இரண்டும் முரண்படும் நாளில் நீங்களும் ஸ்டோர் கீப்பரும் சேர்ந்து ஸ்டோருக்குப் போய் எண்ணிப் பாருங்கள். சில நாள் நோட்டு ஜெயிக்கும். அன்று திருத்த வேண்டியது செயலியை. திருவிழா வாரத்திலும் முகூர்த்த நாட்களிலும் எப்படித் தாங்குகிறது என்று பார்க்காமல் இரண்டாவது கிளைக்குப் போகாதீர்கள். கல்யாண ஆர்டர் ஒன்று வந்தால் அந்த ஒரு நாளில் வாரச் சரக்கு தீர்ந்துவிடும், சராசரி பார்த்துப் பட்டியல் போடும் நிரல் அன்று திணறும்.

வெளியே மேசையில் அட்டையில் வரைந்த ஆறு திரைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. மாஸ்டர்களும் ஸ்டோர் பொறுப்பில் இருப்பவர்களும் போகும் முன் அவற்றில் விரல் வைத்துப் பாருங்கள். எது உதவாது என்று தோன்றுகிறதோ அதன்மேல் பேனாவால் குறுக்கே கோடு போட்டுவிடுங்கள். கேள்விகளுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.